தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டா?

போன மாதம் சட்டப் பிரிவு இளையவர்கள் நீங்கள் ஆறு பேரும் வேன் பிடித்து, ஏற்காடு மலையேறி, நாகலூர் வரைக்கும் என்னைப் பார்க்க வந்தீர்கள். கொய்யாப்பழத்தை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றீர்கள். என் நாயோடு படம் எடுத்துக்கொண்டீர்கள். கிளம்பும் நேரத்தில், வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டு உங்களில் ஒருத்தி கேட்டாள், வாக்கெடுக்க மூடிய அறைக்குள் கர்னல் கோபப்பட்டால் நாம் என்ன செய்வது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ஹாரனோடு போட்டி போட என்னால் முடியாது. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராணுவ நீதிமன்றத்தில் நம் சட்டப் பிரிவுக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது. தீர்ப்பு சொல்பவர்கள் உறுப்பினர்கள், அதாவது படை அதிகாரிகள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் இது, விதி இது என்று சொல்வதோடு சரி. அறையில் இருக்கும் ஆட்களிலேயே பதவியில் நாம்தான் பெரும்பாலும் சின்னவர்கள். ஆனாலும் வாக்கெடுப்பு நடக்கும் அந்தப் பத்து நிமிடமும் நம் வாயைப் பார்த்துத்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சுகத்தில்தான் நான் வழுக்கினேன். ஒரே வழக்கில் இரண்டு முறை வழுக்கினேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது கேப்டன். இதே மலையில் கரடியூர்க்காரன் ஒருவன், சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்ட நாயக்காக இருந்தான். அவனைக் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். லீவில் ஊருக்கு வந்தவன், லீவு முடிந்து இரண்டு மாதம் ஆகியும் திரும்பவில்லை. கடைசியில் சேலம் ரயில் நிலையத்தில், டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பிடித்தார்கள். குற்றச்சாட்டு, படையை விட்டு ஓடிப்போனான் என்பது.

ஓடிப்போவதும், லீவு முடிந்து வராமல் இருப்பதும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். எண்ணம் இருந்தது என்றால் பட்டையைப் பறித்து, நாலு திட்டு திட்டி விட்டுவிடலாம். இல்லை என்று தீர்ந்தால் சிறை, வேலை போய்விடும், பென்ஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோவிந்தன் பென்ஷனுக்குப் பாதி வழிக்கு மேல் தாண்டியிருந்தான். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. மிளகுக் கொடி ஏறிய மரத்தில் ஏணி வைத்து ஏறியவர், ஏணியோடு விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். அவருக்காகத்தான் தங்கினேன் என்றான் கோவிந்தன். படைக்கு ஒரு வரி எழுதிப் போட்டாயா என்றால் இல்லை. எழுதத் தெரியாதவனும் இல்லை. நாளைக்குப் போய்விடலாம், நாளைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன் என்பான். இப்படி நினைத்தே இரண்டு மாதம் ஓட்டியவனை என்ன சொல்வது?

அவன் நின்ற கவுண்டரில் எந்த ஊருக்கும் டிக்கெட் கொடுப்பார்கள். படைக்குத் திரும்பவும் கொடுப்பார்கள், கண் காணாத ஊருக்கு வேலை தேடிப் போகவும் கொடுப்பார்கள். பிடிபட்டபோது அவன் முறை வரவில்லை. பையில் இரண்டு கிலோ காப்பித்தூள் இருந்தது. கூட்டாளிகளுக்குக் கொடுக்க எடுத்துப் போனான் என்றது அவன் தரப்பு, விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ள என்றது எதிர்த்தரப்பு. சாட்சிப்பொருளாக அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு கிலோ அரை கிலோவாக இருந்தது. யார் குடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நல்ல தூள்தான்.

படுக்கையில் இருப்பவரை இறக்கிக் கொண்டுபோக முடியாது, மற்ற சாட்சிகளும் மலைக்காரர்கள் என்பதால் நீதிமன்றத்தையே ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள். என் பணிக்காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். நான் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் மகள் என்பதை என் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவனைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் நீ போ, வழியாவது தெரியுமே என்றார்.

கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நூலக அறையைக் கேட்டு வாங்கினோம். ஐந்து உறுப்பினர்கள். தலைவராக ஒரு கர்னல், இரண்டு மேஜர், இரண்டு கேப்டன். அதில் ஒரு மேஜர் ஈரோட்டுக்காரர், நல்ல ஆகிருதி, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர். முதல் மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டு மேஜர் சேலத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு இறங்கினார். திங்கள் காலை மலர்க் கண்காட்சிக் கூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்றது. உங்களுக்குத் தெரியுமே, மே மாதம் அந்த வழியில் ஏறுகிறவன் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. மேஜர் பன்னிரண்டாவது வளைவில் நிற்பதாகப் போன் வந்தது. சாட்சி சொல்ல வேண்டியவள் கோவிந்தனின் மனைவி ராணி. கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். கர்னல் காத்திருப்பதை அவமானமாக நினைக்கிற ஆள். என்னிடம் திரும்பி, நான்கு பேரோடு ஆரம்பிக்கலாமா, சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டார். கொடுக்கும் சார், மூன்று பேர் இருந்தாலே போதும் என்றேன். டக்கென்று சொன்னேன். புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

சொன்னது சரிதான். சொல்லாமல் விட்டதுதான் தப்பு. ஒரு சாட்சியத்தைக் கேட்காத உறுப்பினர் அந்த வழக்கில் மறுபடி உட்கார முடியாது. கர்னல் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆரம்பித்தால் மேஜரை இழக்க நேரும் என்று தெரிந்திருந்தால் அவர் இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருப்பார்.

ராணி சத்தியம் செய்துவிட்டுச் சாட்சி சொன்னாள். நானே மொழிபெயர்த்தேன். உன் புருஷன் படைக்குத்தான் கிளம்பினானா என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

“அவரு எங்க போறாருன்னு நான் கேக்கலீங்க. காப்பித்தூளு மட்டும் கட்டிக் குடுத்தனுங்க.”

போகிற இடம் தெரியாமல் காப்பித்தூள் எதற்கு என்று எதிர்த்தரப்பு மடக்கியது.

“எங்க போனாலும் நாலு பேருக்கு ஒரு வாய் காப்பி குடுக்கோணுமில்லீங்களா.”

இந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள் என்று எனக்குத் தோன்றியது. அறையில் மற்றவர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கும், யாரும் அதற்குமேல் அவளை மடக்கவில்லை.

அவள் இறங்கிப் போன கையோடு மேஜர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கதவில் நான்தான் நின்று மறித்தேன். விஷயத்தைச் சொன்னபோது முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. “ஏனுங்க கேப்டனம்மா, ஒரு மனுசனோட பொழப்பு இது. அஞ்சுல ஒண்ணக் கொறச்சுப்புட்டீங்களே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருடைய ஓட்டு கோவிந்தனைக் காப்பாற்றும் ஓட்டாக இருந்திருந்தால்? அதைக் குறைத்தது நான்தானே? அன்று மதியம் நடவடிக்கைப் பதிவில், சட்ட ஆலோசகர் முழுமையாகச் சொல்லாததால் இப்படி நேர்ந்தது என்று நானே எழுதினேன். கர்னல் படித்துப் பார்த்தார். இதை எழுதியே ஆக வேண்டுமா என்றார். ஆமாம் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். அவரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் கோவிந்தனின் அப்பாவைப் பார்க்கக் கரடியூர் போவதா, மலையில் மஞ்சு மூட்டம் இறங்கி வழி மறைந்திருப்பதால் ஒரு நாள் தள்ளிப்போடுவதா என்று பேச்சு வந்தது. போகலாம் என்று இரண்டு பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். நான்கு பேர் என்றால் இந்தச் சங்கடம் வரத்தான் செய்யும். என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்றேன். கர்னல் போகலாம் என்றார், போனோம். இந்தப் பதிலிலும் பாதியை முழுங்கிவிட்டேன் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

கரடியூரில் ஜீப் போகாத இடத்தில் இருந்து நடந்தோம். கட்டிலில் கிடந்த பெரியவரைச் சுற்றி நான்கு அதிகாரிகள் நிற்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மகன் தன்னை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனதை அவர் சொன்னார். இரண்டு மாதமும் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டியதைச் சொன்னார். பிறகு மருமகளின் தம்பி வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் மகன் கிளம்பிப் போய்விட்டான் என்றார். எங்கே போனான் என்று கேட்டதற்கு, “என்னயப் பாத்தா அழுதுருவோம்னு சொல்லாம போயிட்டானுங்க” என்றார். கர்னல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வாக்கெடுப்பு. அறையை மூடினோம். நான்கு உறுப்பினர்கள், நான் ஒருத்தி.

நம் படையில் எல்லாமே பெரியவருக்குப் பிறகுதான். அவர் உட்கார்ந்த பிறகு உட்கார வேண்டும், அவர் சிரித்த பிறகு சிரிக்க வேண்டும். இந்த அறையில் மட்டும் தலைகீழ். பதவியில் கடைசியாக இருப்பவர் முதலில் வாய் திறக்க வேண்டும், தலைவர் கடைசியில். பெரியவர் மனசு என்ன என்று தெரிந்துவிட்டால் சின்னவர் தன் மனசை மறைத்துக்கொள்வார் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் மனசு தெரிய வாய்தான் வேண்டுமா? இளைய கேப்டன் பேச வேண்டிய நேரத்தில் கர்னலின் முகத்தைத்தான் பார்த்தார். நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் கர்னல் தன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அலமாரியில் இருந்த பழைய உலகப் படப்புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார். தன் முறை வரும்வரை அந்தப் பெரிய மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

யார் எப்படி வாக்களித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த உறுப்பினரின் வாக்கையும், சட்டம் கேட்டால் ஒழிய, எக்காலத்திலும் வெளியிடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். விரல்விட்டு எண்ணாதீர்கள், கண்டுபிடிக்க முடியாது. ஓடிப்போனான் என்று இரண்டு, ஓடவில்லை என்று இரண்டு. அவ்வளவுதான் சொல்லலாம்.

பிறகு ஒரு குரல், அப்படியானால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போடட்டும் என்றது. யார் குரல் என்றும் சொல்ல மாட்டேன். அதில் தப்பே இல்லை, நேற்று நான் சொல்லிக்கொடுத்ததுதானே? இல்லை சார், இப்போது அந்த ஓட்டு கிடையாது என்றேன். நேற்று உண்டு, இன்று இல்லையா, சட்டம் தினம் மாறுமா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை மேஜர் விஷயத்திலும் இப்படித்தான் ஒன்று சொல்லி இன்னொன்று ஆனது என்றும் ஒருவர் நினைவுபடுத்தினார். குரல்கள் உயர்ந்தன. நீங்கள் கேட்டீர்களே, கோபப்பட்டால் என்ன செய்வது என்று. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதுதான் தாங்க முடியாதது. நியாயமில்லாத கோபத்தை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அது காதோடு போய்விடும்.

அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. தலைவர் ஒரு ஓட்டுப் போடுவார், ஏதாவது ஒரு பக்கம் தீர்ந்துவிடும், கோப்பு மேலே போகும், அங்கே யாராவது கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம். என் மானமும் தப்பும். ஆனால் சமமாகப் பிரிந்த பிறகு இன்னொரு ஓட்டால் மட்டுமே கோவிந்தன் சிறைக்குப் போக முடியும். அப்படிப் போனால் அவனை அனுப்பியது என் வெட்கம்தான்.

எழுந்து நின்றேன். நேற்று நான் பாதிதான் சொன்னேன், தவறு என்னுடையது என்றேன். எப்போது போவது, எதை அனுமதிப்பது போன்ற மற்ற விஷயங்களில் சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. குற்றவாளியா, என்ன தண்டனை என்பதில் சமமாக வந்தால் கிடையாது. அங்கே சமம் என்றால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம். புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள், படித்தேன். கர்னல் உலகப் படத்தை மூடி அலமாரியில் வைத்தார். இதைத்தான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றார், எழுதச் சொன்னார்.

ஓடிப்போன குற்றம் இல்லை என்றும், லீவு முடிந்து வராத குற்றம் உண்டு என்றும் தீர்ப்பானது. கோவிந்தனுக்குப் பட்டை போனது, வேலை தப்பியது. ஒன்பது வருடம் பனியிலும் மணலிலும் உழைத்து, போன பட்டையைத் திரும்ப வாங்கி, பென்ஷனோடு ஊருக்கு வந்தான். இப்போது கரடியூரில் மிளகும் காப்பியும் பயிர் வைத்திருக்கிறான்.

நான் ஓய்வு பெற்று நாகலூர் வந்த முதல் வருடம் ராணி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் தன் புருஷனைக் காப்பாற்றிய ஓட்டைப் போட்ட நல்ல மனுஷன் பேருக்கு விளக்குப் போட வேண்டும், யார் என்று பெயர் மட்டும் சொல்லுங்கள் என்றாள். சொல்லக் கூடாது ராணி, எல்லார் பேருக்கும் போடு என்றேன். “எல்லாருக்குமுன்னா சாமிக்கு எப்படிங்க வெளங்கும்?” என்று குறைப்பட்டுக்கொண்டே போனாள். அதிலிருந்து கோவிந்தன் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து கொஞ்சம் மிளகு கொடுத்துவிட்டுப் போவான்.

ஈரோட்டு மேஜரும் ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் பேசியபோது பழைய வழக்கு பேச்சில் வந்தது. அவர் வாக்களிக்கவே இல்லையே, மறைக்க என்ன இருக்கிறது? “கேட்டவரைக்கும் வெச்சு சொல்றனுங்க, நான் உள்ள இருந்திருந்தா ஓடிட்டான்னுதான் போட்டிருப்பேன்” என்று சொல்லிச் சிரித்தார். போனை வைத்த பிறகுதான் கணக்கு உறைத்தது, அவர் உள்ளே இருந்திருந்தால் மூன்றுக்கு இரண்டு. என் தப்பால் ஒருவன் கெட்டுவிடுவானோ என்று எத்தனை நாள் பயந்திருக்கிறேன்! என் தப்பால்தான் அவன் பிழைத்திருக்கிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான், படவும் செய்தேன். ஆனால் அடுத்த முறை கோவிந்தன் மிளகோடு வந்தபோது, நீ எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டிருப்பாய் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடம் வராத கேள்வி. தெரியாமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கேட்காமல் விழுங்கினேன்.

நீங்கள் வந்துபோன மறுவாரம் அவன் வந்திருந்தான். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, நொம்ப நாளா ஒண்ணு சொல்லோணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேனுங்க. அன்னிக்கு அந்த வரிசையில நின்னப்ப...”

“வேண்டாம் கோவிந்தா. உன் வழக்கு முடிஞ்சாச்சு.”

“சொன்னா எனக்குக் கொஞ்சம் பாரம் எறங்குமுங்க.”

அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பாரத்தை இறக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

“எங்கிட்ட வேண்டாம் சாமி. மொதல்ல ராணிகிட்டச் சொல்லு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவளுக்கு அன்னிக்கே தெரியுமுங்க.”

சத்தியம் செய்துவிட்டு, நான் கேட்கவில்லை என்று சொன்ன பெண் என் கண்முன் வந்து நின்றாள். படைக்குத்தான் போகிறான் என்று தெரிந்திருந்தால் அதை ஏன் மறைக்கப் போகிறாள் என்று என் சட்ட மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்து என்று அதை அதட்டினேன். அந்தச் சமமான ஓட்டு வாங்கிக்கொடுத்த ஒன்பது வருடத்தையும் இவன் ஒரு நாள்கூட ஓடாமல் வேலை செய்து கழித்திருக்கிறான். உண்மை எதுவோ, அதை இவனும் இவன் பெண்டாட்டியும் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு பேர் மேலும் அன்று வந்த பாசத்தை எந்தப் புத்தகத்தில் எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை.

“காப்பி ஆறுது, குடி” என்றேன். குடித்தான்.